ஒழுங்காக ஒட்டியிருந்த நான்கு சீட்டுகள்

சர்வருக்குள் இருக்கும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று, இயந்திரம் கண் விழிக்கும்போது அதற்கு வைக்கும் பெயர். முதலில் குரல் கொடுத்தது ‘ஏ’, அடுத்தது ‘பி’, அப்புறம் ‘சி’, ‘டி’. கல்யாணப் பந்தி மாதிரிதான். யார் முந்தி வந்து உட்கார்ந்தாரோ அவருக்கு முதல் இலை. அடுத்த பந்தியில் அதே ஆள் கடைசி இலையில் இருக்கலாம். இன்னொரு பெயர், தொழிற்சாலையில் அதன் உடம்பில் அச்சடித்து அனுப்பிய வரிசை எண். பள்ளிச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு கட்டம் இருக்குமே, இடது கன்னத்தில் மச்சம், வலது முழங்காலில் தழும்பு என்று, அது மாதிரி. எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் மச்சம் கூடவே வரும்.

டிஸ்க்குக்குள் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளுக்கும் தனித்தனியாக நீண்ட அடையாள எண்கள் உண்டு. அவற்றை இயந்திரம் படித்துக்கொள்ளும். எந்தப் பகுதி எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று கேட்டால் பொய் சொல்லாமல் சொல்லும். ஆனால் அந்த டிஸ்க், பெட்டியில் அதைச் செருகும் பொந்துகளில் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஒரு மனிதர்தான் சொல்லியாக வேண்டும். சர்வர்களைப் பராமரித்த முப்பத்தொரு வருஷப் பணியில் நான் பார்த்த விபத்துகளில் முக்கால்வாசி அந்த இரண்டாவது பதிலில் நடந்தவை. முதல் பதிலை வரவழைக்கும் கட்டளைகள், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னைவிட வேகமாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

என்னுடைய முதல் விபத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், என் யோக்கியதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வருஷம். வயதில் என்னைவிட இரண்டு வருஷம் இளையவர், பதவியில் மூத்தவர், ஒரு பெண் அதிகாரி. போனில் “மூணாம் நம்பர் டிஸ்க்கை எடுங்க” என்றார். இடப்பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவதை உருவினேன். அந்த இயந்திரம் பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதன் மூன்று நமக்கு நாலாவது என்பது எனக்குத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். கைக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் பதிவுகள் போயின. ஒரு வாரம் எல்லோரும் உட்கார்ந்து மறுபடி தட்டினோம். அந்த அதிகாரியும் எங்களோடு உட்கார்ந்து தட்டினார். என்னைத் திட்டவில்லை. கடைசி நாள் மட்டும், “இனிமே எண்ணாதீங்க, படிங்க” என்றார். டிஸ்க்கின் உடம்பில் உள்ள எண்ணைப் படி என்று அர்த்தம்.

இந்தப் பாடத்தை நான் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் கடைப்பிடித்தேனா என்பது இப்போது சொல்லப்போகும் கதை.

ஓய்வு பெற்ற பிறகு, தர்மபுரியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் சின்னச் சின்ன இடங்களிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் ஒன்று பென்னாகரம் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒரே டாக்டர், பத்துப் பன்னிரண்டு படுக்கை. மலை ஊர்களிலிருந்து வருபவர்களுக்கு அதுதான் கிட்டத்தில் இருப்பது. அங்கே நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை எல்லாம் ஸ்கேன் செய்து ஒரு சர்வரில் வைத்திருந்தார்கள். பதினோரு வருஷத்து ஷீட்டுகள். ஸ்கேன் செய்தவர் மாதேஸ்வரி என்ற ரெக்கார்டு கிளார்க், தனி ஆளாக. காகித அசல்களைக் கரையான் அரித்துக் கடைசியில் எரித்துவிட்டார்கள். ஆக, யாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, யாருக்கு எப்போது என்ன அறுவை நடந்தது என்பதெல்லாம் இருந்தது அந்த ஒரு பெட்டியில் மட்டும்.

பெட்டியில் நான்கு டிஸ்க்குகள். நாலும் ஒரே குடும்பமாக வேலை செய்யும் ஏற்பாடு. ஒன்று இறந்துபோனால் அதன் பங்கை மற்ற மூன்றும் சேர்ந்து சொல்லிவிடும். இரண்டாவதாக ஒன்று போனால் மிச்சமிருக்கும் இரண்டுக்கும் ஒன்றும் ஞாபகம் இருக்காது. மீட்க வழிகள் உண்டு என்பார்கள். மீட்டதையும் பார்த்திருக்கிறேன், மீட்கப் போய் முழுதாக அழித்ததையும் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பெட்டியை இரண்டு வருஷத்துக்கு முன் அமைத்துக் கொடுத்தது நான்தான். ஒவ்வொரு ஸ்லாட்டின் முகப்பிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டினேன். எந்த ஸ்லாட்டில் இருப்பது ‘ஏ’, எது ‘பி’ என்று. வரிசை எண்ணை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பன்னிரண்டு பதின்மூன்று எழுத்து, நாலு டிஸ்க், கண்ணாடி பையில் இருந்தது, தர்மபுரி பஸ் வந்து நின்றுவிட்டது. பந்தியில் உட்கார்ந்த இடத்தையே நிரந்தர விலாசம் என்று எழுதி ஒட்டிவிட்டு ஓடினேன்.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமைக் காலை மாதேஸ்வரி போன் செய்தார். ஷீட் எதுவும் திறக்கவில்லை, திறந்தாலும் பாதியில் நிற்கிறது. வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். ‘சி’ என்று இயந்திரம் கூப்பிடும் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. குடும்பம் அதை விலக்கி வைத்திருந்தது. ஆனால் சாகிற டிஸ்க், தன்னோடு இருந்தவற்றின் கையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் நகல் எடுத்துக்கொண்டு அப்புறம் கை வைப்பதுதான் முறை. நகல் எடுக்கச் சொன்னால் ஒரு கோப்பு நகர்வதற்குள் காபி ஆறிவிட்டது. கெட்டதைப் பெட்டியிலிருந்து கழற்றினால் ஒழிய மற்ற மூன்றும் மூச்சுவிடாது.

வேறு நகல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆடியில் இடி விழுந்தபோது அந்த நகல் டிஸ்க் போய்விட்டது. புதிது வேண்டும் என்று மாதேஸ்வரி எழுதிய கடிதம் மேனேஜர் மேசையில் ஒரு கண்ணாடி உருண்டைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. நானும் அதன்பின் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது வெளியே ஓ.பி. வரிசை வேப்பமரம் வரைக்கும் நின்றது. சர்வர் இருந்தது ரெக்கார்டு ரூமின் மூலையில். மேனேஜர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் எது நடந்தாலும் முதலில் ‘யார்’ என்று கேட்பார். ‘என்ன’ என்பது அப்புறம்தான். காலையிலிருந்து மாதேஸ்வரியை, கடைசியாக யார் அதைத் தொட்டது, எதற்குத் தொட்டது என்று அவர் கேட்டுக் கேட்டதில், நான் போன நேரத்துக்குள் அந்த அம்மாள் வாயைத் திறப்பதையே நிறுத்தியிருந்தார்.

பெட்டியின் கதவைத் திறந்தேன். நான்கு ஸ்லாட், மேலிருந்து கீழே. நான்கு சீட்டு, என் கையெழுத்து. மூன்றாவது ஸ்லாட்டில் ‘சி’.

“உங்க எழுத்துதானுங்களே சார், நீங்களே ஒட்டினதுதானுங்களே” என்றார் மேனேஜர். “இழுத்துப் போட்டுட்டு புதுசைச் சொருகுங்க. ஜனங்க வெளியில சத்தம் போடுறாங்க.”

மூன்றாவது ஸ்லாட்டின் பிடியில் கை வைத்துவிட்டேன். இதை நீங்கள் மறக்கக் கூடாது. எல்லா விதிமுறையும் தெரிந்தவன் கை வைத்துவிட்டேன். ஓட ஓட உருவிக்கொள்ளும்படியான பெட்டிதான் அது, உருவியிருப்பேன்.

நிறுத்தியது இரண்டு சின்ன விஷயம். சீட்டுகளின் மேல் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய அன்று டேப்புக்கு எங்கே போவேன்? டேப்புக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு, காய்ந்த சந்தனம். இன்னொன்று, மேலிருந்து கீழே ஏ, பி, சி, டி என்று அத்தனை ஒழுங்காக இருந்தது. என் வேலை எதுவும் அவ்வளவு ஒழுங்காக அமைந்ததில்லை. சேலத்தில் அசெம்பிள் செய்த பெட்டி. உள்ளே கேபிள்கள் அவரவர் கைக்கு எட்டியபடி மாட்டியிருக்கும். முன்பக்க விளக்குகளுக்கான கம்பியை மாட்டவே இல்லை, எது ஓடுகிறது என்று வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. அப்படிப்பட்ட பெட்டியில் எழுத்துகள் மேலிருந்து கீழே ஒழுங்காக வருவது எப்படி?

கையை எடுத்தேன். யாரோ சீட்டைக் கழற்றி மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். யார் என்று கேட்க வாயெடுத்தேன். மேனேஜர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ‘யார்’ என்று கேட்டிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கும் பதில் ‘தெரியாதுங்க’. அது எனக்குப் பயன்படாத பதில்.

ஜெனரேட்டரில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று நேரில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். உண்மையிலேயே தேவைதான், கரண்டை நம்பி இந்த வேலையில் இறங்க முடியாது. அவரிடம் ஒரு வேலை கொடுத்தால் தட்டமாட்டார். போனார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“மாதேஸ்வரி, இதை ஒட்டுன அன்னைக்கு நான் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல இருந்தேன். கன்னாபின்னான்னு ஒட்டியிருப்பேன். யாராச்சும் பார்த்து நேராக்கி வெச்சாங்களா?”

கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

“நேராத்தாங்க சார் இருந்துச்சு” என்றார். சீட்டுகளைப் பார்த்தபடி, “வரிசைதான் மாறி இருந்துச்சு.”

அப்புறம் தானாகவே வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ரூமைத் துடைத்திருக்கிறார். ஈரத்துணி பட்டால் சீட்டு நனைந்துவிடும் என்று நகத்தால் பதமாகக் கிளப்பி, தொலையாமல் இருக்க நாலையும் இடது புறங்கையில் ஒட்டிக்கொண்டு, பெட்டியைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுபடி ஒட்டி, மறுபடி கழன்றுவிடக் கூடாதே என்று மேலே டேப்பும் போட்டிருக்கிறார். நான் செய்யாமல் விட்டதை எல்லாம் செய்திருக்கிறார்.

“சி, ஏ, டி, பி-ன்னு இருந்துச்சுங்க. சார் அவசரத்துல மாத்தி ஒட்டிட்டாருன்னு நினைச்சேன். ஏ, பி, சி, டி-ன்னு அடுக்கிட்டேன்.” குரல் இறங்கியது. “ஒரு ஷீட்டு எடம் மாறி இருந்தாக்கூட எனக்கு அன்னைக்குச் சோறு எறங்காதுங்க சார். அந்தக் கை சும்மா இருக்கல.”

பதினோரு வருஷமாக எழுத்து வரிசையும் எண் வரிசையும் பிசகாமல் அடுக்கியவர். ஒழுங்கு குலைந்த ஒன்றைக் கண்டால் சரிசெய்வதுதான் அவருக்குத் தெரிந்த நேர்மை. அந்த நேர்மையை நம்பித்தான் டாக்டர் ஊசி போடுகிறார்.

“எல்லாம் போயிருச்சுங்களா சார்?”

“இன்னும் ஒண்ணும் போகல. நான்தான் இழுக்கப் போனேன், நிறுத்திட்டேன்.”

இப்போது என் கையில் ஒரு புதிய பதில் இருந்தது. மாதேஸ்வரி சொன்னபடி பழைய வரிசை சி, ஏ, டி, பி என்றால், கெட்ட டிஸ்க் முதல் ஸ்லாட்டில். அவர் ஞாபகத்தை நான் சந்தேகப்படவில்லை. கேஸ் நம்பர் சொன்னால் ஊரையும் பெயரையும் சொல்கிறவர். முதல் ஸ்லாட்டை இழுத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. வெளியே வரிசை நின்றது. ‘எண்ணாதீங்க, படிங்க’ என்ற அந்தப் பெண் அதிகாரியின் குரல் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது, ஒரு முப்பது நிமிஷம் தாமதமாக.

டிஸ்க்கின் உடம்பில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டுமானால் டிஸ்க்கை வெளியே எடுக்க வேண்டும். நான்கையும் எடுக்க வேண்டுமானால் சர்வரை நிறுத்த வேண்டும். மாதக்கணக்கில் நிற்காமல் சுற்றிய டிஸ்க்குகளை நிறுத்தினால் மறுபடி சுற்றும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நின்ற இடத்தில் நின்றுவிட்ட டிஸ்க்குகளைப் பார்த்திருக்கிறேன்.

இதை நானாக முடிவு செய்யக் கூடாது என்று டாக்டரிடம் போனேன். அவர் முன்னால் ஒரு தாய், மடியில் காய்ச்சலில் துவண்ட குழந்தை. டாக்டர் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமலே என்ன விஷயம் என்று கேட்டார். இரண்டு வழி இருக்கிறது என்றேன். ஓடும்போதே இழுக்கலாம், தப்பானதை இழுத்துவிட்டால் மீட்பது கஷ்டம். ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்த்து எடுக்கலாம். நிறுத்தினால் ஒன்று எழும்பாமல் போகும் வாய்ப்பும் உண்டு.

“எந்தத் தப்பு நடந்தா அப்புறம் ஏதாவது செய்ய முடியும்?” என்றார்.

“நிறுத்தி, எழும்பலைன்னா. அப்பவும் டிஸ்க்குல இருக்கிறது அப்படியே இருக்கும். வெளியூருக்கு அனுப்பி எடுக்கப் பார்க்கலாம்.”

“அப்ப நிறுத்துங்க.” அந்தத் தாயிடம் திரும்பி, “போன தடவை இவனுக்கு ஒரு ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சே, அது எந்த ஊசின்னு ஷீட்டுல இருக்கு. அதைப் பார்க்காம நான் போட மாட்டேன். துணியை நனைச்சு நனைச்சுப் போட்டுக்கிட்டு அந்தப் பெஞ்சுல உக்காரும்மா” என்றார்.

நான் முப்பத்தொரு வருஷம் ‘தரவு’ என்று எழுதிவந்த சமாச்சாரம் அன்று பெஞ்சில் நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தது.

நிறுத்துவதற்கு முன் நான்கு டிஸ்க்குகளின் வரிசை எண்களையும் இயந்திரத்திடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மூன்று உடனே சொன்னது. கெட்டது வாயைத் திறக்கவில்லை. அது கடைசியாக நல்லபடி கண் விழித்த நாளின் பதிவேட்டிலிருந்து எடுத்தேன். பிறகு நிறுத்தினேன். நான்கும் சுழன்று அடங்கும் சத்தம் கேட்டது. மாதேஸ்வரி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

“நான் இழுத்துக் கொடுக்கிறேன், நீங்க கடைசி நாலு எண்ணைப் படிங்க. ரெண்டு தடவை” என்றேன். என் கண்ணாடி இந்த முறையும் பையில்தான் இருந்தது. ஆனால் காரணம் அதுவல்ல. எண்ணைப் பிசகாமல் படிக்க அந்தக் கட்டடத்தில் அவரைவிடத் தகுந்த ஆள் இல்லை.

அவருக்குச் சொந்த ஊர் மாரண்டஹள்ளிப் பக்கம். தாய்வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். சாதாரணமாகத் தமிழில்தான் எல்லாம். பதற்றத்தில் எண்கள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டன. முதல் டிஸ்க்கைக் கையில் வாங்கி உதட்டுக்குள் “ஒம்பத்து, எரடு, ஒந்து, நால்கு” என்று முணுமுணுத்துவிட்டு, என்னைப் பார்த்து, “ஒம்பது, ரெண்டு, ஒண்ணு, நாலு சார்” என்றார். இரண்டு மொழியிலும் ஒரே எண் வந்தது. இதைவிட நல்ல சரிபார்ப்பு எந்தக் கையேட்டிலும் இல்லை.

தாளைப் பார்த்தேன். அது நல்ல டிஸ்க்.

முதல் ஸ்லாட்டில் இருந்தது நல்ல டிஸ்க். தாளை மறுபடி பார்த்தேன். அவரை மறுபடி படிக்கச் சொன்னேன். அதே எண்.

இரண்டாவதை இழுத்தேன். படித்தார். அதுதான் கெட்டது. இப்போதைய சீட்டு அதை ‘பி’ என்றது. என் பழைய சீட்டு அதை ‘ஏ’ என்றிருக்கும். இயந்திரம் அதை ‘சி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவதும் நாலாவதும் நல்லவை.

இது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். டீசல் பாதி டேங்க் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆடியில் இடி விழுந்தபோதுகூட அதுதான் காப்பாற்றியது என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த இடியில் சர்வரின் பவர் சப்ளையும் எரிந்து, தர்மபுரியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து வேறு மாட்டிக் கொடுத்தார். எனக்குப் போனில் சொல்லவும் சொன்னார்கள்: “சப்ளை மாத்தியாச்சுங்க, நல்லா ஓடுது.” நான் “நல்லது” என்றேன். சப்ளையை மாற்ற அந்த மெக்கானிக் கேபிள்களைக் கழற்றியிருப்பார். திரும்ப மாட்டும்போது எது எங்கே இருந்தது என்று பார்த்திருக்க மாட்டார். இயந்திரத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அது உள்ளே இருக்கும் அடையாள எண்ணைப் படித்துத் தன் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டது. பந்தியில் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். வெளியே ஒட்டியிருந்த என் சீட்டுகள் நாலும் ஆடி மாதத்திலிருந்தே பொய்.

இதன் அர்த்தத்தை நிதானமாக யோசித்துப் பாருங்கள். மாதேஸ்வரி அந்தச் சீட்டுகளைத் தொடாமலே விட்டிருந்தால், டேப் இருந்திருக்காது, சந்தனம் இருந்திருக்காது, சந்தேகப்படும்படியான ஒழுங்கும் இருந்திருக்காது. என் சொந்தக் கையெழுத்தை முழு நம்பிக்கையோடு பார்த்து, முதல் ஸ்லாட்டிலிருந்து ஒரு நல்ல டிஸ்க்கை உருவியிருப்பேன். அவர் செய்த தவறுதான் என் தவறைத் தடுத்தது. அவரைப் பேச வைப்பதற்காக ‘கன்னாபின்னான்னு ஒட்டியிருப்பேன்’ என்று ஒரு பெருந்தன்மையான பொய் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அன்று நான் சொன்னதில் அதைவிட உண்மையான வாக்கியம் இல்லை.

நல்ல டிஸ்க் மூன்றையும் மட்டும் அதனதன் ஸ்லாட்டில் செருகிப் பட்டனை அழுத்தினேன். ஒன்று சுழன்றது. இன்னொன்று சுழன்றது. மூன்றாவது ஒரு முறை ‘டக்’ என்றது, நின்றது, மறுபடி ‘டக்’ என்றது. அப்புறம் அதுவும் மெதுவாகச் சுழல ஆரம்பித்தது.

மூன்றும் சேர்ந்து குடும்பம் எழுந்ததும், மாதேஸ்வரி என்னிடம் கேட்காமல் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு எண்ணைத் தட்டினார். அந்தக் குழந்தையின் ஷீட். திறந்தது. ஊசியின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் எழுந்து போனார். ஓடியிருக்கலாம்; நடந்துதான் போனார்.

புது டிஸ்க்கை உடனே இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுக் குடும்பத்தில் சேர்க்கச் சொல்லும் கையேடு. சேர்க்கும்போது மற்ற மூன்றையும் மணிக்கணக்கில் ஓட ஓட வேலை வாங்கும். ‘டக்’ என்ற டிஸ்க்கிடம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஷீட்டுகள் மொத்தமும் ஒரு டிஸ்க்குக்குள் அடங்கும் அளவுதான். புது டிஸ்க்கை மேசையில் வைத்துத் தனியாக மாட்டி, பதினோரு வருஷத்தையும் அதில் நகல் எடுத்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு முடிந்தது. குடும்பத்துக்கு இன்னொரு புது டிஸ்க் மறுநாள் வந்தது. மேனேஜர் தானே போய் வாங்கி வந்தார்; கண்ணாடி உருண்டைக்கு அடியில் இருந்த கடிதத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

பேசாமல் விடாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ‘தவறிழைத்தவர்’ என்று ஒரு கட்டம். மேனேஜர் பேனாவைத் திறந்துகொண்டு, “சீட்டை மாத்தினது இந்தம்மாதானுங்களே?” என்றார். அதற்குள் அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யாரோ என்ன, மாதேஸ்வரியே சொல்லியிருந்தார்.

படிவத்தை வாங்கி அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். காரணம் என்ற இடத்தில், ‘மாறக்கூடிய பெயரை மாறாத பெயர்போல் எழுதி ஒட்டியது, கேபிள் கழற்றப்பட்டது தெரிந்தும் வந்து பார்க்காதது’ என்று எழுதினேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

“நீங்க ரிட்டயர் ஆனவருங்க. உங்க மேல நான் என்ன நடவடிக்கை எடுக்கிறதுங்க?”

“அது உங்க கஷ்டம்” என்றேன்.

பிறகு புதிய சீட்டுகள் எழுதினேன். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு. ஸ்லாட்டின் முகப்பில் அல்ல, டிஸ்க்கோடு சேர்ந்து வெளியே வரும் பிடியிலேயே ஒட்டினேன். எழுத்து இல்லை, உடம்பில் உள்ள வரிசை எண்ணின் கடைசி நாலு இலக்கம். மாதேஸ்வரி படிக்க, நான் எழுத, அவர் திரும்பப் படித்துப் பார்த்தார். நாலும் ஒட்டி முடிந்ததும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். மேலே ஒன்பதாயிரத்துச் சொச்சம், அதற்குக் கீழே ஆயிரத்துச் சொச்சம், அதற்குக் கீழே ஏழாயிரம், கடைசியில் மூவாயிரம். அவர் விரல்கள் முந்தானையில் நகர்ந்தன.

“சார், இதை ஏறு வரிசையில வெக்கக் கூடாதுங்களா?”

“கூடாது.”

கொஞ்சம் யோசித்தார். “அப்ப அதையும் எழுதி ஒட்டிருங்க சார். நாளைக்கு என்னை மாதிரி இன்னொருத்தி வருவா.”

எந்தக் கையேட்டை எழுதும்போதும் எனக்குத் தோன்றாத விஷயம். சீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தேன்; ஏன் அப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. அதனால்தான் நேர்மையான ஒருவர் அதைச் சரிசெய்தார். ஒரு தாளை எடுத்து, ‘எண்கள் வரிசையில் இல்லை. அது பிழை அல்ல. மாற்ற வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தார். பேனாவை வாங்கி, ‘மாற்ற வேண்டாம்’ என்பதற்கு முன்னால், தன் குண்டு எழுத்தில் ‘கேட்காமல்’ என்று சேர்த்தார். பெட்டியின் கதவில் ஒட்டி மேலே செல்லோ டேப் போட்டார்.

பணிக்காலம் முழுவதும் நான் எழுதிய விதிமுறைகள் அலமாரி அலமாரியாக இருக்கும். அவற்றில் இதுவரை யாரும் மீறாதது அந்த ஒரு தாள்தான். அதிலும் முக்கியமான வார்த்தை என்னுடையது அல்ல.